சுண்ணாம்புத் தெரு

ஜெபகனிக்கு ஒரு பழக்கம் இருந்தது. வரைபடத்தில் ஒரு தெருவைப் போட்டு முடித்ததும் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, அந்தத் தெருவில் கொஞ்ச தூரம் நடந்துபோய் வருவாள். உடம்பென்னவோ வேலூர் நகரமைப்பு அலுவலகத்து மர ஸ்டூலில்தான் இருக்கும். கண் பாதி மூடியிருக்கும். தெருவில் வெயில் எந்தப் பக்கம் விழுகிறது, எந்த வீட்டு வாசலில் நின்று ஒரு குழந்தை அழுகிறது, முனையில் திரும்பினால் என்ன தெரிகிறது என்றெல்லாம் பார்த்துவிட்டு வந்து, மறுபடி பென்சிலை எடுப்பாள். அவளுடைய அதிகாரி கிருபானந்தம் இதைக் கவனித்திருக்கிறார். தூங்குகிறாள் என்று முதலில் நினைத்தார். பிறகு, தூங்கி எழுந்தவள் கோட்டைக் கொஞ்சம் நகர்த்தினால் தெரு நன்றாக அமைந்துவிடுகிறது என்று கண்டுகொண்டு, சும்மா விட்டுவிட்டார்.

எண்பத்து நாலாம் வருஷம் தை மாதம் அவளை மேல்சத்திரத்துக்கு அனுப்பியவரும் அவர்தான்.

மேல்சத்திரம் மாதனூர் தாண்டி, பாலாற்றை ஒட்டிய பழைய ஊர். திருப்பதிக்கு நடந்துபோகிறவர்கள் தங்குவதற்காக எந்தக் காலத்திலோ கட்டிய கல் சத்திரம் நடுவில் இருந்தது. அதைச் சுற்றித் தெருக்கள், எல்லாம் நாட்டு ஓடு வேய்ந்த வீடுகள், எல்லாம் ஒரே வெள்ளை. ஊருக்குக் கிழக்கே முக்தார் அகமதுவுக்குச் சொந்தமான நிலம் கிடந்தது. ஆம்பூரில் அவருக்குத் தோல் பதனிடும் மண்டியும் புதிதாக ஒரு ஷூ கம்பெனியும் இருந்தன. கம்பெனித் தொழிலாளர்களின் வீட்டுச் சங்கம் அந்த நிலத்தை வாங்கி நகர் போடப் போகிறது. பழைய ஊரின் அழகு கெடாமல் புது நகர் அமைய வேண்டும். அதற்கு விதிகள் எழுத வேண்டும். ஜெபகனியின் வேலை அது.

ஊர்த் தலைவர் வேலாயுதம் அவளைப் பஸ்ஸிலிருந்து இறக்கி, கூடவே நடந்து எல்லாவற்றையும் காட்டினார். அறுபது வயதிருக்கும். ஒவ்வொரு தூணையும் தன் கையால் நட்டதுபோலத் தட்டிக் காட்டினார்.

"இங்க பாருங்கம்மா, எந்த வீடாச்சும் சத்திரத்துக் கைப்பிடிச் சுவரைத் தாண்டுதா? தாண்டாது. எங்க பாட்டன் காலத்துலேர்ந்து எவனும் மாடி எடுத்தது கிடையாது. ஆம்பூர்ல போய்ப் பாருங்க, ஒருத்தன் பச்சை அடிக்கிறான், ஒருத்தன் ரோஸ் அடிக்கிறான், கண்ணு கூசுது. அந்த பேஜாரெல்லாம் இங்க வேணாம்."

"வராது சார்," என்றாள் ஜெபகனி. மனதாரத்தான் சொன்னாள். அந்த ஊர் அவளுக்குப் பிடித்துப்போயிருந்தது.

நடுப்பகலில் சத்திரத்துக்குள் உட்கார்ந்து விதிகளை எழுதினாள். கல் தரை குளிர்ந்து கிடந்தது. வெளியே ஏதோ ஒரு வீட்டில் அம்மி அரைபடும் சத்தம் வந்துகொண்டே இருந்தது. கண்ணைச் செருகியது. எழுதுவதும் புது நகருக்குள் போய் உலாவுவதும் வருவதுமாக அந்தப் பகல் கழிந்தது. வீடுகள் சத்திரத்தை மிஞ்சக் கூடாது. கூரை ஓட்டுக் கூரையாகச் சரிந்திருக்க வேண்டும். சுவருக்குச் சுண்ணாம்புதான். வாசலுக்கு ஒரு வேம்போ புங்கையோ நிற்க வேண்டும். புதுத் தெருக்கள் மூன்றும் பழைய தெருக்களின் நீட்டமாகவே போக வேண்டும்; எந்த இடத்தில் ஊர் முடிந்து நகர் தொடங்கியது என்று நடக்கிறவனுக்குத் தெரியக் கூடாது.

கடைசி விதியை எழுதிவிட்டு அவள் மனசுக்குள் அந்தத் தெருவில் நடந்தபோது, மறுமுனையில் ஒன்றுமே தெரியவில்லை. வெறும் வெளிச்சமாக இருந்தது. வேலாயுதம் கொடுத்திருந்த ஊர்ப் படத்திலும் அந்தப் பக்கம் வெறும் தாள்தான்.

"நெலத்துக்குக் கிழக்கால இன்னா சார் இருக்கு?" என்று, பஸ் ஏற்றிவிட வந்தவரிடம் கேட்டாள்.

"அது காலனி. அப்பறம் ஏரி," என்றார் வேலாயுதம். "அது வேற."

ஜெபகனி படத்தை மடித்து வைத்தாள். அவள் அம்மா பிறந்ததும் குடியாத்தம் பக்கத்தில் ஒரு காலனியில்தான். மிஷன் பள்ளிக்கூடம், டீச்சர் வேலை, வேலூரில் வாடகை வீடு என்று குடும்பம் நகர்ந்து வந்துவிட்டது. 'அது வேற' என்ற சொல் மட்டும் எங்கே போனாலும் அவர்களுக்கு முன்னால் போய் நின்றுகொண்டிருந்தது.

மறுவாரம் நிலத்தில் கோடு போட்டார்கள். கோடு போடுவதில் கன்னியப்பன் கெட்டிக்காரன், நிலமளக்கச் சங்கிலி பிடிக்கிற அலுவலகத்துச் சங்கிலிக்காரன். சுண்ணாம்பு முக்தார் அகமதுவின் மண்டியிலிருந்து மூட்டை மூட்டையாக வந்து இறங்கியது. தோலிலிருந்து மயிர் கழலுவதற்காக ஊறப்போடுகிற அதே சுண்ணாம்பு. ஓட்டைத் தகர டப்பாவில் அதை நிரப்பிக்கொண்டு கன்னியப்பன் பின்னோக்கி நடக்க நடக்க, கருப்பு மண்ணில் வெள்ளைக் கோடு பிறந்தது. மனைகள் பிறந்தன. மனைக்குள் வீடு எங்கே நிற்க வேண்டும், வாசல் எங்கே வரவேண்டும் என்பதையும் ஜெபகனி காட்டச் சொன்னாள். பொழுது சாயும்போது ஒரு நகரம் முழுக்கத் தரையில் படுத்திருந்தது, எழுந்திருக்க வேண்டியதுதான் பாக்கி என்பதுபோல.

அன்று ராத்திரி ஊர்ப் பள்ளிக்கூடத்து டீச்சர் சாராவின் வீட்டில் தங்கிவிட்டு, விடிந்ததும் பஸ்ஸுக்கு வந்தாள். மூடுபனி. சத்திரம் இருந்த இடத்தில் ஒரு சாம்பல் நிழல்தான் தெரிந்தது. பஸ் வர நேரமிருந்ததால் நகரைப் பார்க்கப் போனாள். பனிக்குள் கோடுகள் மட்டும் வெள்ளையாக மிதந்தன.

அப்போதுதான் பெண்கள் வந்தார்கள். கிழக்கிலிருந்து, ஒன்றுமில்லாத அந்த வெளிச்சத்துக்குள்ளிருந்து, ஒருவர் பின் ஒருவராக, கையில் சாப்பாட்டுத் தூக்கோடு. காலனியிலிருந்து ஷூ கம்பெனிக்குப் போகிறவர்கள். கம்பெனி பஸ் சத்திரத்து வாசலில்தான் நிற்கும். அதற்கு அவர்கள் ஏரிக்கரையைச் சுற்றிக்கொண்டு மெயின் ரோடு வழியாக வருவதுதான் வழக்கம். இன்றைக்கு நடுத்தெருவில் வந்தார்கள். கோட்டை மிதிக்காமல், இரண்டு கோட்டுக்கும் நடுவில், தெருவில் நடப்பதுபோலவே நடந்தார்கள். வீட்டுச் சுவர்கள் இருந்திருக்க வேண்டிய இடத்தில் ஒருத்தி எட்டிக்கூடப் பார்த்தாள்.

முன்னால் வந்தவள் ஜெபகனியைப் பார்த்து நின்றாள். நாற்பதைத் தாண்டியவள். பட்டம்மாள் என்று பெயர் சொன்னாள். கம்பெனியில் அப்பர், அதாவது ஷூவின் மேல்பாகம், தைக்கிற பிரிவு.

"இன்னாம்மா, நடக்கக் கூடாதா?"

"நடங்க அக்கா. தெருதானே."

"ஊருக்குள்ள நாங்க செருப்பு போட்டுக்கினு நடக்கற பழக்கம் இல்ல. நாளெல்லாம் செருப்புதான் தைக்கிறோம்." பட்டம்மாள் காலைப் பார்த்துச் சிரித்தாள். செருப்பு காலில்தான் இருந்தது. "இந்தத் தெரு இன்னும் பொறக்கவே இல்லயே. இதுக்கு ஏது பழக்கம்னு வந்துட்டோம்."

சொல்லிவிட்டுப் போய்விட்டாள். பழைய ஊர் தொடங்குகிற இடத்தில் பெண்கள் எல்லோரும் ஒரு நொடி குனிந்து நிமிர்ந்ததை ஜெபகனி பனிக்குள் பார்த்தாள். நிமிர்ந்தபோது செருப்பு கைக்குப் போயிருந்தது.

அந்த ஞாயிற்றுக்கிழமை சங்கத்தில் குலுக்கல் போட்டார்கள். எந்த வீடு யாருக்கு என்று அதிர்ஷ்டம்தான் சொல்ல வேண்டும். நடுத்தெருவில் பழைய ஊரை ஒட்டிய முதல் மனை பட்டம்மாளுக்கு விழுந்தது. அதே தெருவில் கடைக்கோடி மனை, காலனிப் பக்கம் பார்த்தது, வேலாயுதத்தின் மருமகனுக்கு விழுந்தது. அவன் அதே கம்பெனியில் சூப்பர்வைசர். குலுக்கி எடுத்த துண்டுச் சீட்டை இன்னொரு தரம் படிக்கச் சொன்னார்கள். படித்தார்கள். மாறவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த விசித்திரம் நடந்தது. சாயந்திரம் ஆனால் போதும், மனை கிடைத்தவர்கள் குடும்பத்தோடு வந்து தத்தம் கோடுகளுக்குள் உட்கார ஆரம்பித்தார்கள். வாசல் விட்டிருந்த இடத்தில்தான் உள்ளே போனார்கள். சுவர் வழியாக யாரும் போகவில்லை. ஒரு பெண் சமையலறையில் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு நட்சத்திரத்தைப் பார்த்தாள். ஒருத்தர் பக்கத்து வீட்டுக்காரரை "உள்ள வாங்க, உள்ள வாங்க" என்று கூப்பிட்டுக் கூடத்தில் உட்காரவைத்துக் கடலை கொடுத்தார். கதவைத் தட்டுவதாக நாக்கால் சத்தம் கொடுத்துவிட்டு உள்ளே நுழைந்தவர்களும் உண்டு. விளக்கு இல்லை, கூரை இல்லை, ஆனால் ஒவ்வொருத்தரும் தாழ்ந்த குரலில், வீட்டுக்குள் பேசுவதுபோலவே பேசிக்கொண்டார்கள். வேலாயுதத்தின் மகள் அமிர்தவள்ளி கடைக்கோடியில் தன் படுக்கையறைக்குள் கால் நீட்டி உட்கார்ந்து, முந்தானையை விலக்கிக் காற்று வாங்கினாள். ஏரியிலிருந்து வருகிற காற்று. மேற்கே தோல் மண்டிகள் இருப்பதால் ஊருக்குள் எப்போதும் ஒரு வாடை இருக்கும். இந்த மூலையில் அது இல்லை. வேலை முடிந்து திரும்புகிற காலனிப் பெண்கள் அவள் வாசல் வழியாகப் போனார்கள். முதல் நாள் அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அப்புறம் ஒருநாள், "பஸ் இன்னிக்கு லேட்டா?" என்று கேட்டாள்.

மேற்பார்வைக்கென்று வந்துபோன ஜெபகனி சில சாயந்திரங்களில் கடைசி பஸ் வரும்வரை அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தாள். தான் நினைப்பில் மட்டும் செய்துவந்த காரியத்தை ஓர் ஊரே செய்வதைப் பார்க்க அவளுக்கு மயக்கமாக இருந்தது.

மாசியில் வேலாயுதம் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். எதிரே உட்கார்ந்து, அவள் எழுதிய விதிகளின் நகலை மேஜையில் வைத்தார். கோபமில்லை; மரியாதையாகத்தான் பேசினார்.

"அம்மா, தெரு மூணுத்துக்கும் கெழக்குல ஒரு சுவர் எழுப்பிடணும். கல் சுவரு. அழகாவே எடுப்போம்."

"எதுக்கு சார்?"

"உள்ள வர்றவங்க வந்தாச்சு. சங்கம் குடுத்துது, நான் ஒன்னும் சொல்லல. அதுக்காக இத்த ஒரு பாதையா ஆக்கிட முடியாது. நீங்கதானே எழுதினீங்க, பழைய ஊர் எப்படியோ அப்படியே புது நகரும்னு? பழைய தெரு எதுனாச்சும் அந்தப் பக்கம் போவுதா? போவல. உங்க விதிப்படியே கேக்கறேன்."

ஜெபகனி நகலைப் புரட்டி அந்த வரியைப் பார்த்தாள். அவள் எழுதியதுதான். அவர் போன பிறகு படத்தை விரித்து நடுத்தெருவில் நடந்து பார்த்தாள். கடைசியில் சுவர் வந்து நின்றது. கல்லில் கை வைத்தாள். மறுபக்கம் தூக்குப் பாத்திரங்கள் ஒன்றோடொன்று இடிபடும் சத்தமும் யாரோ சிரிப்பதும் கேட்டன. இந்தப் பக்கம் வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

எழுந்து போய்க் கிருபானந்தத்திடம், "சார், ஒரு விதி சேக்கணும். எந்தத் தெருவும் முட்டி நிக்கக் கூடாது" என்றாள்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "சேக்கலாம். காரணம் எழுதணுமே."

அவள் கையிலிருந்த படத்தில் நடுத்தெருவின் கிழக்கு முனையைத் தொட்டுக் காட்டினாள்.

"நீ மனசுல வெச்சிருக்கற காரணத்தை எழுதினா, இது மேல போறதுக்குள்ள நமக்கு ரிட்டயர்மென்ட் வந்துடும்," என்றார் அவர். "தீயணைப்பு வண்டி வந்து திரும்பறதுக்கு வழி வேணும்னு எழுது. யாரும் மறுக்க முடியாது."

அப்படியே எழுதினாள். எழுதும்போது கொஞ்சம் கூச்சமாக இருந்தது, குறுக்கு வழியில் போகிறவளைப்போல.

விதிகளைப் படித்து ஒப்புதல் வாங்கச் சத்திரத்தில் கூட்டம் போட்டார்கள். ஊர்க்காரர்கள் ஒருபக்கம், சங்கத்து ஆட்கள் ஒருபக்கம். முக்தார் அகமதுவும் கிருபானந்தமும் நாற்காலிகளில் உட்கார்ந்திருந்தார்கள். பட்டம்மாள் சங்கத்து உறுப்பினர் என்பதால் வந்திருந்தாள். சத்திரத்துக்குள் அவள் காலெடுத்து வைத்தது அதுதான் முதல் தடவை. வாசலை ஒட்டிய தூணருகே உட்கார்ந்து, மேலே கல் உத்தரத்தையே அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தாள். உயரம், ஓடு, சுண்ணாம்பு, மரம் எல்லாவற்றுக்கும் தலை ஆட்டினார்கள். தெரு விதி வந்ததும் வேலாயுதம் எழுந்தார்.

"தீயணைப்பு வண்டி மெயின் ரோட்டுல வந்துட்டுப் போகட்டும். என்னமோ தெனமும் எரியற மாதிரி! எங்க ஊர்ல எப்போங்க தீப்புடிச்சுது?"

"எங்க பக்கம் புடிச்சுது," என்றாள் பட்டம்மாள்.

உரக்கச் சொல்லவில்லை. ஆனாலும் கல் மண்டபம், எல்லோருக்கும் கேட்டது.

"இந்திரா அம்மா எமர்ஜென்சி போட்ட வருசம். வெயில் காலம். எங்க வரிசையில அத்தனை குடிசையும் போச்சு. ஆம்பூர்லேர்ந்து வண்டி வந்துச்சு. இதோ, இந்தச் சத்திரம் வரைக்கும் வந்துச்சு. இங்கேர்ந்து எங்களுக்கு ரோடு இல்ல. ஏரிக்கரை மேல ஏத்தப் பாத்தான், சக்கரம் எறங்கிடுச்சு. மணி மட்டும் அடிச்சுக்கினே இருந்துச்சு. நாங்க அங்கேர்ந்து கேட்டுக்கினே இருந்தோம்." நிறுத்தி, "எங்க மாமியார் உள்ள இருந்தாங்க" என்றாள்.

சாக்கு என்று நினைத்து ஜெபகனி எழுதிய வரி இத்தனை வருஷமாக இந்த ஊரில் உண்மையாகவே இருந்திருக்கிறது. அவள் நிமிர்ந்து வேலாயுதத்தைப் பார்த்தாள். அவர் நின்றபடியே இருந்தார். அந்த வண்டியை அவரும் பார்த்திருக்கிறார். இந்த வாசலில்தான் நின்று பார்த்திருப்பார். உட்காரவும் முடியாமல் பேசவும் முடியாமல் மேல்துண்டை ஒரு தோளிலிருந்து இன்னொரு தோளுக்கு மாற்றினார்.

முக்தார் அகமது தொண்டையைக் கனைத்தார், அவ்வளவுதான்.

பெண்கள் பக்கத்திலிருந்து அமிர்தவள்ளி எழுந்தாள். "நைனா, சுவரு எடுத்தா எனக்குக் காத்து வராது."

"இன்னாடி?"

"கடைசி வீடு என்னுதுதானே? அந்தப் பக்கம் சுவரை எழுப்பிட்டு நான் அதையே பாத்துக்கினு குடித்தனம் பண்ணணுமா? ஏரிக் காத்து ஒன்னுதான் அங்க சொகம். எனக்கு வேணாம் சுவரு."

அவள் நியாயம் பேசினாளா, காற்றைத்தான் பேசினாளா என்று ஜெபகனியால் கண்டுபிடிக்க முடியவில்லை. ஒருவேளை அமிர்தவள்ளிக்கே தெரியாமல் இருக்கலாம். ஆனால் வேலாயுதத்துக்கு உட்கார ஓர் இடம் கிடைத்துவிட்டது.

"பொண்ணு காத்து வேணும்ன்றா," என்று பொதுவாகச் சொன்னார். "நடுத்தெரு தொறந்து இருக்கட்டும். மத்த ரெண்டுக்கும் சுவரு." உட்கார்ந்தார்.

கிருபானந்தம் அங்கேயே பென்சிலால் வழி பண்ணினார். ஓரத் தெருக்கள் இரண்டும் கடைசியில் மடங்கி ஒரு சந்து வழியாக நடுத்தெருவில் சேரும். எதுவும் முட்டி நிற்காது. ஒன்று கிடைத்ததற்கு மகிழ்வதா, இரண்டு போனதற்கு வருந்துவதா என்று தெரியாமல் ஜெபகனி திரும்புகிற பஸ்ஸில் கம்பியில் தலை சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டாள்.

சித்திரையில் ஒரு கோடை மழை வந்து சுண்ணாம்புக் கோடுகளையெல்லாம் கரைத்துக்கொண்டு போயிற்று. கூடம், சமையலறை, படுக்கையறை எல்லாம் பால்நிறமாக ஓடி வாய்க்காலில் கலந்தன. சிலர் உண்மையாகவே வீடு இடிந்த துக்கத்தோடு வரப்பில் நின்று பார்த்தார்களாம். கன்னியப்பன் திரும்பவும் டப்பாவை எடுத்துக்கொண்டு போனான். இந்த முறை கோட்டின் பின்னாலேயே கடைக்கால் தோண்டுகிறவர்கள் வந்தார்கள்.

ஜெபகனிக்குத் திருப்பத்தூருக்கு மாற்றல் வந்தது. அடுத்த தை கழிந்து மறு தையில் பட்டம்மாள் ஆளனுப்பியிருந்தாள், புதுமனை புகுவிழாவுக்கு வரச்சொல்லி. போனாள். அவள் எழுதியபடியே எல்லாம் நின்றன. வெள்ளைச் சுவர், சரிந்த ஓடு, வாசலில் முழங்கால் உயர வேப்பங்கன்று. ஊரிலிருந்து சாரா டீச்சர் வந்து சாப்பிட்டுப் போனாள். அமிர்தவள்ளி வந்து கூடத்தில் உட்கார்ந்தாள், மஞ்சள் குங்குமம் வாங்கிக்கொண்டாள், விரதம் என்று சொல்லிச் சாப்பிடாமல் எழுந்தாள். வேலாயுதம் வரவில்லை. ஒரு தார் வாழைப்பழம் அனுப்பியிருந்தார்.

சாப்பிட்டுவிட்டு ஜெபகனி புதுத் தரையில் கொஞ்சம் கண்ணயர்ந்தாள். எழுப்பியது பட்டம்மாளின் குரல்.

"ஏம்மா, இந்த ஓடு போடற விதி எழுதினது நீதானே?"

"ஆமாக்கா. ஏன்?"

"மாடி இருந்தா மேல காய வெப்பேன். இந்தச் சரிவுல மல்லாட்டையை நான் எங்க கொண்டுபோய்க் காய வெக்கிறது? படிச்ச பொண்ணு, இத்த யோசிக்க வேணாம்?"

ஜெபகனி முழித்தாள். வேர்க்கடலையைப் பற்றி அவளுக்கு எந்த யோசனையும் வந்ததில்லை. அழகு, உயரம், நிழல் எல்லாம் பார்த்தாள். மூட்டையைத் தலையில் தூக்கிக்கொண்டு நிற்கிற பெண்ணை மட்டும் பார்க்கவில்லை.

"தப்புதான் அக்கா," என்றாள்.

"தப்புன்னா காஞ்சிடுமா? வா, ஒரு கை புடி."

இருவருமாக மூட்டையை வாசலுக்கு இழுத்துப்போனார்கள். தெருவைப் பார்த்ததும் ஜெபகனி நின்றுவிட்டாள். நடுத்தெரு நெடுக, அந்த முனைவரை, வீட்டுக்கு வீடு பாய் விரித்து மல்லாட்டை கொட்டியிருந்தார்கள். புதிதாகப் பிடுங்கிய கடலையின் மண் வாசனையோடு தெருவே வெயிலில் படுத்திருந்தது. கடைக்கோடியில் அமிர்தவள்ளி காலால் கடலையைக் கிளறிவிட்டுக்கொண்டு, காக்கையை விரட்டிக்கொண்டிருந்தாள். காலனிப் பக்கமிருந்து சைக்கிளில் வந்த ஒருத்தன் இறங்கி, பாய்களுக்கு நடுவே வளைந்து வளைந்து தள்ளிக்கொண்டு வந்தான். அவனை அமிர்தவள்ளி, "பாத்துப் போ, மிதிச்சிடாத" என்று அதட்டினாள். "பாத்துதான் போறேன்" என்றான் அவன்.

பட்டம்மாள் மூட்டையின் வாயை அவிழ்த்தாள். "அந்தப் பக்கம் கொஞ்சம் தள்ளிக் கொட்டு," என்றாள். "இங்க நிழல் வுழுது."